படித்த மாவட்டத்தில் பிரஷரும் சுகரும் ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: உலகம் முழுக்கத் தொற்றா நோய்களால்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் படிப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, மீனும் கீரையும் தாராளமாகக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் வீட்டுக்கு ஒருவர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். எங்கே தவறுகிறது? வீட்டளவில் என்ன செய்ய முடியும்?

என் பதில்: நோய் இருப்பது தெரிந்த பிறகும் அதை அளவுக்குள் நிறுத்தி வைப்பதில்லை, பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. படிப்பு அந்த ஓட்டையைத் தானாக அடைத்துவிடுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு இந்த மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. மருந்துச் சீட்டைத் தெளிவாக வாசிக்கத் தெரிந்தவர்களே மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் உலகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2021-ல் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4.3 கோடி பேர். கொரோனா தொடர்பான இறப்புகளைக் கழித்துவிட்டால் உலகத்தில் நடந்த சாவுகளில் நான்கில் மூன்று பங்கு இது. இதயம், ரத்தக்குழாய் நோய்கள் 1.9 கோடி, புற்றுநோய் 1 கோடி, நாள்பட்ட நுரையீரல் நோய் 40 லட்சம், சர்க்கரை நோய், அதனால் வரும் சிறுநீரகக் கோளாறையும் சேர்த்து, 20 லட்சத்துக்கு மேல். இவர்களில் 1.8 கோடி பேர் 70 வயதைத் தொடாமலே போனவர்கள். அப்படி முன்கூட்டி இறந்தவர்களில் 82 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். ‘பணக்கார வியாதி’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வந்தால், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலை என்று கணித்தது. அதில் தமிழ்நாட்டின் அளவு 14.4 சதவீதம், கேரளத்தின் அளவு 25.5 சதவீதம். 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். தேங்காய், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) என்று நம் அடுக்களை இன்றும் பாதி அந்தப் பக்கம்தான். எனவே மாநிலச் சராசரியை நினைத்து ஆறுதல் அடைவதைவிடப் பக்கத்து எண்ணைக் கண்முன் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பிரஷரில் நிலை இன்னும் மோசம். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 130 கோடிப் பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. அதில் நூற்றுக்கு 54 பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது, 42 பேர் சிகிச்சையில் இருந்தார்கள், 21 பேருக்குத்தான் கட்டுப்பாட்டில் இருந்தது. தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கி, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்ததன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லாததால் வந்த எண்கள் அல்ல இவை. மாதம் ஒருமுறை அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாததாலும் இந்த எண்கள் வந்தன.

இனி வீட்டு வேலை. பிரஷரில் தொடங்குவோம், ஏனென்றால் இதை அளப்பதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். பஸ் இறங்கி, படியேறி, சாயா குடித்துவிட்டு நேராகக் கையை நீட்டினால் வருவது உங்கள் பிரஷர் அல்ல. அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காப்பி, சாயா, பீடி, வேகநடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை மட்டுமே மேல் எண்ணைப் பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசை மேல், நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்ட கையில் எண் கூடும். பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றாமல் வெறும் தோலில் சுற்றுங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள மேற்கைக்கு ஏற்றது. அதைவிடப் பருத்த கைக்குப் பெரிய பட்டை வாங்காவிட்டால், இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி விலை குறைவு, ஆனால் கை இருக்கும் இடத்துக்குத் தகுந்தபடி எண் ஆடும், வாங்காதீர்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுக்கும் முன், ஏழு நாள் இப்படி எடுத்து எழுதி, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எல்லை 135/85, ஆஸ்பத்திரியில் 140/90. இந்த ஒரு தாள் டாக்டரின் கைக்குப் போனால், நூற்றுக்கணக்கில் கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் எடுக்கும் ஒற்றை அளவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள்? ‘நார்மல் ஆகிவிட்டது’ என்பது முதல் காரணம். நார்மல் ஆக்கியது அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறும், தலைவலிகூடத் தராமல் ஏறும். இரண்டாவது காரணம் பக்கவிளைவு. ஆம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு; மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மூன்றாவது, நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை: பாதி வைத்தியம் இங்கே, பாதி திருவனந்தபுரத்தில். இரண்டு சீட்டிலும் பிராண்டு பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. டெல்மிசார்டனை இரண்டு பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிட்டுத் தலைசுற்றி விழுந்தால் ‘மாத்திரை சேரவில்லை’ என்று இரண்டையும் நிறுத்துவார்கள். அட்டையில் பிராண்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அப்படியே மேல்வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள். அவை பிரஷரை ஏற்றும், சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும்.

உப்பு. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. யாரும் சமைக்கும்போது கிராம் பார்ப்பதில்லை, அதனால் பாக்கெட்டைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்கு 600 கிராம்தான் வரம்பு. ஒரு கிலோ மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு நாள் ஒன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஒரு திருத்தம்: மீன் கழுவக் கல்லுப்பு அள்ளிப்போடும் வீடுகளில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மீனுக்கும் ஊறுகாய்க்கும் தனி ஜாடி வைத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். கல்லுப்பானாலும் இந்துப்பானாலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். ஊறுகாயும் கருவாடும் பாக்கெட் கணக்கில் வராத உப்பு. பப்படம் இன்னும் சூட்சுமமானது: மாவில் சேர்க்கும் பப்படக்காரமும் சோடியம் உப்புதான், நாக்குக்கு உப்பாகத் தெரியாமலே உள்ளே போகும். கஞ்சி, பயறு, துவையல், ஊறுகாய், பப்படம் என்று வைத்துச் சாப்பிடும் மதியத்தில் கஞ்சியில் உப்பைத் தவிர்ப்பதுதான் எளிதான இடம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி இரண்டு முறை அலசிச் சமைத்தால் உப்பில் ஒரு நல்ல பங்கு போய்விடும், எல்லாம் போகாது.

சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல பலன். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கூட்டுக்குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலே பொதுச் சமையலில் அந்த உப்பு வேண்டாம்.

சுகருக்கு, இன்னும் வராதவர்கள் தங்கள் வாய்ப்பைத் தெரிந்துகொள்ளச் சென்னையில் உருவான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50 முதல் 30. இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.க்குக் கீழே 0. அதிலிருந்து அடுத்த பத்து செ.மீ.க்குள் 10, அதற்கும் மேலே 20. உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் உண்டென்றால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. தாய் தகப்பனில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மார்த்தாண்டத்தில் நாள் முழுக்கக் கடையில் உட்காரும் 45 வயதுக்காரர், இடுப்பு 94 செ.மீ., அப்பாவுக்குச் சுகர் என்றால்: 20, 10, 30, 10, ஆக 70. இடுப்பு என்றால் வேட்டி கட்டும் இடமல்ல; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்டுபவர்கள் அங்கே அளந்துவிட்டு ‘எனக்கு 86 தான்’ என்பார்கள்.

பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்திவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதும் வேண்டும். நம் ஆட்களில் பலருக்கு முதலில் ஏறுவது அதுதான். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.5 ஆகியவை நோயின் எல்லைகள். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199-க்குள் இருந்தால் முன்நிலை. ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி ஏமாற்றும், பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

முன்நிலையில் பிடித்தால் தடுக்க முடியுமா? சென்னையில் 531 பேரோடு நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், எதுவும் செய்யாதவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதத்தினருக்குச் சுகர் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். ஆறேழு பேர் உழைத்தால் ஒருவர் தப்புகிறார். இதற்கு மறுபக்கமும் உண்டு. விளவங்கோட்டுக்கு அடுத்த நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் ஆயிரம் பேரோடு நடந்த ஆய்வில் அப்படித் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அங்கே மதிப்பெண்ணை முதன்மையாக வைத்து ஆள் எடுத்தார்கள். சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் கணிசமாக அதில் சேர்ந்திருந்தார்கள். மதிப்பெண் வாசல் மட்டும்தான், அதைத் தாண்டி ரத்தப் பரிசோதனை வரை போனால்தான் யார் கட்டாயம் நடக்க வேண்டும் என்பது தெரியும்.

தட்டில் என்ன? ‘ராத்திரி சோறு சாப்பிடவில்லை, மரச்சீனிதான்’ என்பது நம்மூர் வசனம். வேகவைத்த மரச்சீனி 100 கிராமில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல், சோற்றில் 28 கிராம் அளவு. ஒரு தட்டுக் கிழங்கு 300 கிராம் என்றால் அது கிட்டத்தட்ட 400 கிராம் சோற்றுக்குச் சமம். விலக்க வேண்டியதில்லை: 100 கிராம் கிழங்கு, அதோடு சாளையோ அயலையோ போட்ட கறி தாராளமாக, சோறு அந்த வேளைக்கு இல்லை. ஏத்தன்பழம் பெரிதாக ஒன்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, ஆகவே பாதி. சிறிய மட்டிப்பழம் ஒன்றிரண்டு பரவாயில்லை. கருப்பட்டிக் காப்பியைச் சுகருக்கு நல்லது என்று விற்பது ஏமாற்று. கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தம் அதன் கறுப்பு நிறத்தைப் பார்ப்பதில்லை. தேங்காய் எண்ணெய்க்கு ஊரில் பக்தர்களும் உண்டு, எதிரிகளும் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம் நிறைகொழுப்பு. ஒருவருக்கு நாளைக்கு 22 கிராம் வரம்பு. அவியல், தீயல், மீன்கறி என்று மூன்றிலும் தேங்காய் அரைத்துவிட்டு, மேலே பச்சை எண்ணெயும் ஊற்றினால் வரம்பு மதியத்திலேயே முடிந்துவிடும். எல்லாச் சமையல் எண்ணெயும் சேர்த்துத் தலைக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், எந்த எண்ணெய் என்ற சண்டை அதற்குப் பிறகு.

இரண்டு தொழில்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே தலையில் விளக்கு மாட்டித் தோட்டத்துக்குப் போகிறார்கள். வயிற்றில் கட்டன்சாயா மட்டும். ‘காலையில் சாப்பாட்டுக்கு முன்’ என்று சீட்டில் இருக்கும் கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு சுகர் மாத்திரையை நான்கு மணிக்கே போட்டுவிட்டு, ஒன்பது பத்து மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் சர்க்கரை தாழும். கை நடுங்கும், வியர்க்கும். வேலை செய்த வியர்வை என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போவார்கள். அந்த மாத்திரை கடிகாரத்துக்கு அல்ல, முதல் முழுச் சாப்பாட்டுக்கு உரியது. வேலை நேரத்தை டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். மடியில் மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ பொட்டலமாக இருக்கட்டும். தலை லேசானதும் அதைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, தெளியாவிட்டால் மறுபடி குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள் இன்சுலின் எடுப்பவர்களானால், குப்பியை மீன் ஐஸுக்குள் புதைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். எஞ்சின் பக்கமும் ஆகாது. திறந்த குப்பி 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். ஈரத்துணி சுற்றிய சிறிய மண்பானையில், நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மாத்திரையைப் பயண நாளோடு 15 நாள் கூட்டி எண்ணி எடுங்கள். கடலில் வாந்தி, பேதி வந்து தண்ணீர்கூட நிற்காவிட்டால் மெட்ஃபார்மினை நிறுத்தலாம், இன்சுலினை முழுதாக நிறுத்தக்கூடாது.

நுரையீரல் பற்றி ஒரே வரி: பீடி மட்டுமல்ல, விறகடுப்பும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையும் முந்திரி வறுக்கும் புகையும் கணக்கில் சேரும்.

புற்றுநோயில் நம் கடற்கரையில் பேச்சு எப்போதும் மணவாளக்குறிச்சியின் கதிர்வீச்சுள்ள மணலில் போய் நிற்கும். அதே வகைத் தோரிய மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடியதற்கேற்பப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணலைப் பற்றிய விவாதம் நடக்கட்டும். அது நடக்கும்போது வாயில் புகையிலை இருக்க வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் டார்ச் அடித்து வாயைப் பார்த்தே, புகையிலை அல்லது மது பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். வீட்டில் மாதம் ஒருமுறை: பல்செட்டைக் கழற்றி, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கைத் தூக்கி அடிப்பகுதி, அண்ணம் என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத வாய் என்றால் அன்றே காட்டுங்கள். பெண்கள் 30 வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் உள்ளது) தடவிப் பார்த்ததே அந்தப் புற்றுநோய்ச் சாவை 35 சதவீதம் குறைத்தது.

கடைசியாக ‘கேஸ்’. நெஞ்சு இறுகினால் நம்மூரில் முதலில் சோடா, பிறகு இஞ்சிச்சாறு, பிறகு முதுகு தடவல், கடைசியில்தான் இ.சி.ஜி. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் 108-ஐ அழைக்க வேண்டும். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் வேளை மருந்து இருக்கிறது: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. பேச்சிப்பாறைப் பக்கம் மலையிலிருந்து வாடகைக் காரில் நேராக நாகர்கோவிலுக்கு ஓடுவதைவிட, வழியில் இ.சி.ஜி. பார்த்து இதைப் போட்டுக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவது மேல்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கதை வேறு. அது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. எனவே வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதுவும் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தார், காலை ஐந்துக்கு இப்படி என்றால் பத்து மணியைச் சொல்லுங்கள்; காஷுவாலிட்டியில் முதலில் கேட்பது அதைத்தான்.